அசமன்பாடும் வடிவொத்த முக்கோணமும்: எந்தக் கணக்குக்கு எந்த வழி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இன்று ஒரு கணக்குக்கு மூன்று வழி கிடைத்துவிடுகிறது. பள்ளியில் ஆசிரியர் மலாயில் ஒன்று சொல்லித் தருகிறார். மாலை டியூஷனில் அண்ணன் ஒருவர் வேறொன்றைப் போட்டுக் காட்டுகிறார். இரவில் யூடியூப்பில் தமிழ்நாட்டு வாத்தியார் மூன்றாவது வழியில் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார். மூன்றும் சரிதான், விடையும் ஒன்றேதான். பிள்ளை மூன்றிலும் பாதிப் பாதி எடுத்துக் கலந்து எழுதும்போதுதான் புள்ளி போகிறது. எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தடுமாறும் மாணவருக்கும், வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பெற்றோருக்கும் இந்த ஒப்பீடு. எடுத்துக்கொள்வது இரண்டு தலைப்பு: அசமன்பாடு (சமக்குறிக்குப் பதில் ≥, ≤ போன்ற குறி வரும் கணக்கு), வடிவொத்த முக்கோணம் (கோணங்கள் சமமாக, அளவு மட்டும் வேறாக இருக்கும் முக்கோணங்கள்).

## எதை வைத்து எடைபோடுவது

வரிகளின் எண்ணிக்கையை வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் பொதுவான பழக்கம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது: இந்த வழியில் தவறு எங்கே விழும், விழுந்தால் கண்ணில் படுமா? மூன்று வரியில் முடிந்து, தவறு ஒளிந்துகொள்ளும் வழியைவிட, ஐந்து வரி போனாலும் தவறு உடனே தெரிகிற வழி மேல்.

அடுத்தது புள்ளி. எஸ்.பி.எம். (படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) கணிதத்தில் முதல் தாள் 40 கேள்வி, 1 மணி 30 நிமிடம். ஒரு கேள்விக்கு இரண்டேகால் நிமிடம், விடையை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டாம் தாள் 100 புள்ளி, 2 மணி 30 நிமிடம். அங்கே வழிக்குத் தனிப் புள்ளி உண்டு. ஆக முதல் தாளுக்கு ஏற்ற குறுக்குவழி இரண்டாம் தாளில் கையைக் கடிக்கலாம்.

மூன்றாவது, அடுத்த படிவத்தில் (இடைநிலைப்பள்ளி வகுப்பில்) அதே வழி தொடருமா என்பது. அசமன்பாடு படிவம் 1-இல் ஒரு மாறியோடு வருகிறது, படிவம் 4-இல் இரண்டு மாறிகளோடு வரைபடமாகத் திரும்புகிறது. வடிவொத்த முக்கோணம் படிவம் 3-இல் அளவு வரைபடம், முக்கோணவியல் என்று வந்து, படிவம் 5-இல் உருப்பெருக்கமாக (வடிவம் மாறாமல் அளவை மாற்றுவது) முடிகிறது.

(தேடும் எண்ணை இங்கே ‘ந’ என்று எழுதுகிறோம். தேர்வுத்தாளில் அது எக்ஸ்.)

## அசமன்பாடு: மூன்று வழிகள்

ஒரே கணக்கை மூன்று வழியிலும் பார்ப்போம். கையில் 50 ரிங்கிட். வேன் கட்டணம் நாளுக்கு 4 ரிங்கிட். முடிவில் குறைந்தது 18 ரிங்கிட் மிஞ்ச வேண்டும். எத்தனை நாள் வேனில் போகலாம்?

50 − 4ந ≥ 18

### முதல் வழி: குறியைத் திருப்புவது

50-ஐ இரு பக்கமும் கழித்தால் −4ந ≥ −32. இனி −4-ஆல் வகுக்க வேண்டும். எதிர்மறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும்: ந ≤ 8.

ஏன் திரும்ப வேண்டும் என்பதை ஒருமுறை எண்கோட்டில் பார்த்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 2-ஐவிட 5 பெரியது. இரண்டையும் −1-ஆல் பெருக்கினால் −2, −5 ஆகின்றன. இப்போது −2தான் பெரியது. சுழியத்தின் மறுபக்கம் போனதும் வரிசை தலைகீழாகிவிட்டது.

திருப்ப மறப்பது இதில் எல்லாருக்கும் தெரிந்த தவறு. அதைவிட மோசமானது, திருப்பத் தேவையில்லாத இடத்தில் திருப்புவது. 4ந ≥ −32 என்று வந்தால் வலப்பக்கத்து எதிர்மறைக் குறியைப் பார்த்ததும் பல பிள்ளைகள் ந ≤ −8 என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே வகுப்பது +4-ஆல், ஆகவே ந ≥ −8தான் சரி. “மைனஸ் வந்தால் திருப்பு” என்று சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்ததன் விலை இது. வெறும் கழித்தலுக்குக்கூடத் திருப்புகிறவர்கள் உண்டு. எழுதிய வரியைப் பார்த்து இந்தத் தவறைக் கண்டுபிடிக்கவும் முடியாது. வரி ஒழுங்காகவே தோன்றும்.

### இரண்டாம் வழி: மாறியை நேர்மறையாக வைத்துக்கொள்வது

−4ந-வை வலப்பக்கம் கொண்டுபோய், 18-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால்:

32 ≥ 4ந
8 ≥ ந

திருப்பும் விதியே தேவைப்படவில்லை. மாறி இரு பக்கமும் இருந்தால், எந்தப் பக்கம் கெழு (ந-வுக்கு முன்னால் நிற்கும் எண், குறியோடு சேர்த்து) பெரியதோ அங்கே சேர்க்க வேண்டும். 3 − 5ந < 2ந + 17 என்றால் ந-க்களை வலப்பக்கம் சேர்க்கிறோம்: −14 < 7ந, ஆக −2 < ந.

தவறு விழும் இடம் ஒன்றே ஒன்று: கடைசி வரியைத் திருப்பிப் படிப்பது. 8 ≥ ந என்பதை ந ≥ 8 என்று மாற்றி எழுதிவிடுகிறார்கள். குறியின் திறந்த வாய் எப்போதும் பெரிய எண்ணைப் பார்க்கும் என்று தெரிந்தால் போதும். 8 ≥ ந என்றே விட்டுவிட்டாலும் கணிதப்படி அது சரியான விடைதான்.

இந்த வழி சிரமப்படுவது நடுவில் மாறி மாட்டிக்கொண்ட இரட்டை அசமன்பாட்டில்: −3 ≤ 5 − 2ந < 9. இதை இரண்டாகப் பிரித்துத்தான் தீர்க்க வேண்டும். முதல் வழியில் இது நேராக வரும்: −8 ≤ −2ந < 4, பிறகு இரண்டு குறியையும் திருப்பி 4 ≥ ந > −2.

### மூன்றாம் வழி: சமமாக வைத்து, ஓர் எண்ணால் சோதிப்பது

50 − 4ந = 18 என்று தீர்த்தால் ந = 8. அது எல்லைப் புள்ளி. இப்போது எளிதான எண் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். சுழியத்தைப் போட்டால் 50 ≥ 18, உண்மை. ஆகவே 8-க்குச் சுழியம் இருக்கும் பக்கம்தான் விடை: ந ≤ 8.

குறி பற்றிய விதி எதுவும் இல்லை. தவறாகத் தீர்த்திருந்தால் சோதனையிலேயே பிடிபடும் வாய்ப்பும் உண்டு. படிவம் 4-இல் இது அப்படியே தொடர்கிறது: 3அ + 4ஆ ≤ 24 என்ற பகுதியை நிழலிட, கோட்டை வரைந்துவிட்டு (0, 0)-ஐப் போட்டால் 0 ≤ 24, உண்மை. ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம் நிழலிட வேண்டியதுதான்.

ஆனால் இதற்கும் மறைவிலை உண்டு. சமக்குறி போட்ட கணமே > என்று இருந்ததா ≥ என்று இருந்ததா என்பது மறந்துபோகிறது. எண்கோட்டில் வெற்று வட்டமா நிரப்பிய வட்டமா, வரைபடத்தில் விட்டுவிட்டுப் போகும் கோடா முழுக்கோடா என்பதில் புள்ளி போகிறது. மூலக் குறியை ஓரத்தில் எழுதி வட்டமிட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. அதோடு, எல்லையே சுழியத்தில் விழுந்தால் சுழியத்தைச் சோதிக்க முடியாது. ஆ > 2அ என்ற கோடு ஆதிப்புள்ளி வழியே போகிறது. அங்கே (0, 0) போட்டால் எதுவும் தெரியாது. (1, 0) போட்டால் 0 > 2, பொய். அந்தப் பக்கம் வேண்டாம் என்று தெரிந்துவிடும்.

| | குறி திருப்புதல் | நேர்மறையாக வைத்தல் | சமமாக வைத்துச் சோதித்தல் |
|---|---|---|---|
| எழுதும் வேலை | குறைவு | குறைவு | ஒரு படி கூடுதல் |
| வழக்கமான தவறு | மறப்பது, தேவையின்றித் திருப்புவது | கடைசி வரியை மாற்றிப் படிப்பது | எல்லைப் புள்ளி சேருமா என்பதை மறப்பது |
| தவறு தெரியுமா | தெரியாது | ஓரளவு | பெரும்பாலும் தெரியும் |
| பொருத்தமான இடம் | இரட்டை அசமன்பாடு | படிவம் 1 முதல் அன்றாடக் கணக்கு | படிவம் 4 வரைபடம், எல்லாவற்றுக்கும் சரிபார்ப்பு |

எங்கள் தேர்வு: இரண்டாம் வழியில் எழுதுங்கள், மூன்றாம் வழியில் ஓர் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். சரிபார்ப்புக்குப் பத்து விநாடி போதும். முதல் வழியை இரட்டை அசமன்பாடு வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

### எந்த வழியும் காப்பாற்றாத இரண்டு இடங்கள்

ஒன்று, கேள்வியைக் குறியாக மாற்றுவது. ‘செகுராங்-குராங்ஞா’ என்ற மலாய்ச் சொல்லில் ‘குராங்’ ஒலிப்பதால் பிள்ளைகள் ≤ போடுகிறார்கள். அது ‘குறைந்தது’, அதாவது ≥. ‘செலெபே-லெபேஞா’ என்பது ‘அதிகபட்சம்’, அதற்கு ≤. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் ஆண்டில் தவறுகளில் பெரும்பங்கு தீர்வில் இல்லை, இங்கேதான்.

இன்னொன்று முழுஎண். 30 மாணவரை ஏற்ற, 7 பேர் உட்காரும் வேன் எத்தனை வேண்டும்? 7ந ≥ 30, ந ≥ 4.28… கணிப்பானில் 4.28 பார்த்ததும் கை தானாக 4 என்று எழுதும். 4 வேனில் 28 பேர்தான் போவார்கள், ஆகவே 5. ‘குறைந்தது’ வந்தால் மேலே ஏற்று, ‘அதிகபட்சம்’ வந்தால் கீழே இறக்கு. வழக்கமான கிட்டிய மதிப்பு விதி இங்கே செல்லாது.

## வடிவொத்த முக்கோணம்: விகிதமா, காரணியா, டேன்ஜென்டா?

### ஒத்த பக்கங்களின் விகிதம்

முக்கோணம் கசட. கச மீது த, கட மீது ப. தப, சட இரண்டும் இணை. கத = 4 செ.மீ., தச = 2 செ.மீ., தப = 6 செ.மீ. சட எவ்வளவு?

சிறிய முக்கோணம் கதப, பெரியது கசட. ஒத்த பக்கங்கள் கத-வும் கச-வும். கச = 4 + 2 = 6. ஆகவே சட ÷ 6 = 6 ÷ 4, சட = 9 செ.மீ.

ஆண்டுதோறும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறது: கச-வுக்குப் பதில் தச-வை எடுத்து 4-க்கு 2 என்று விகிதம் போடுவது. தச எந்த முக்கோணத்துக்கும் முழுப்பக்கம் அல்ல, மிச்சத் துண்டு. அந்தத் தவறில் 3 அல்லது 12 வரும். 3 வந்தால் பெரிய முக்கோணத்தின் அடி சிறியதைவிடக் குட்டையாகிவிடும், பார்த்ததும் தெரியும். 12 வந்தால் தெரியாது, அதுதான் ஆபத்து. மருந்து ஒன்றே: ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டையும் பிரித்துப் பக்கத்துப் பக்கத்தில் வரைந்து, எல்லா நீளத்தையும் எழுதிவிட்டுத்தான் விகிதத்தைத் தொட வேண்டும்.

எக்ஸ்போல் குறுக்காக வெட்டும் இரு கோடுகளில், அடிகள் இணையாக அமையும் இரு முக்கோணங்களில் இடப்பக்கத்துக்கு இடப்பக்கம் ஒத்தது என்று நினைப்பது இன்னொரு பிழை. அங்கே ஒத்த பக்கங்கள் வெட்டும் புள்ளியைத் தாண்டி எதிரெதிரே, ஒரே கோட்டில் கிடக்கும். முக்கோணங்களின் பெயரைச் சம கோணங்களின் வரிசையில் எழுதினால் குழப்பம் இராது.

விகிதம் மட்டுமே சரிப்படும் இடமும் உண்டு. செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் குத்துக்கோடு போட்டு, அது அந்தப் பக்கத்தை 4 செ.மீ., 9 செ.மீ. என்று பிரித்தால், குத்துக்கோடு ÷ 4 = 9 ÷ குத்துக்கோடு. அதன் வர்க்கம் 36, நீளம் 6 செ.மீ. தெரியாதது இரு பக்கமும் இருப்பதால் காரணி வழியில் தொடங்கவே இடமில்லை.

### அளவுக் காரணி

ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 5, 6, 8. வடிவொத்த இன்னொன்றில் 5-க்கு ஒத்தது 7.5. காரணி 7.5 ÷ 5 = 1.5. மற்றவை 9, 12. ஒருமுறை வகுத்தால் போதும், மீதி எல்லாம் பெருக்கல். பல பக்கம் கேட்டால் இதுதான் வேகம். பரப்பு கேட்டாலும் காரணியின் வர்க்கம் 2.25-ஆல் பெருக்க வேண்டியதுதான். படிவம் 5-இன் உருப்பெருக்கம் முழுக்க இதன்மேல் நிற்கிறது. பரப்புக்கும் 1.5-ஆலேயே பெருக்கிவிடுவது அங்கே நிரந்தர வாடிக்கை.

இதன் மறைவிலை தசமம். காரணி 7 ÷ 3 என்று வந்தால் 2.3 என்று வெட்டிவிடுகிறார்கள். ஒத்த பக்கம் 45 செ.மீ. என்றால் 105 வர வேண்டிய இடத்தில் 103.5 வருகிறது. பின்னமாகவே வைத்துக் கடைசியில் கணக்கிட வேண்டும். திசையையும் எழுதிவைக்க வேண்டும்: சிறியதிலிருந்து பெரியதுக்குப் போனால் காரணி 1-ஐவிடப் பெரியது, திரும்பி வந்தால் சிறியது.

### டேன்ஜென்ட்

கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தை அதை ஒட்டிய பக்கத்தால் வகுத்தால் வருவது டேன்ஜென்ட். கோணம் தெரிந்த செங்கோண முக்கோணம் என்றால் மட்டும் இந்த வழி. இரண்டாவது முக்கோணமே தேவையில்லை என்பது வசதி. கணிப்பானை நம்பியிருப்பது விலை. தொடங்கும் முன் 45 பாகைக்கு டேன்ஜென்ட் போட்டுப் பாருங்கள், 1 வர வேண்டும். 1.6198 வந்தால் கணிப்பான் ரேடியனில் (கோணத்தின் வேறோர் அலகு) இருக்கிறது. பாகைக்கு மாற்றாமல் போடும் ஒவ்வொரு கணக்கும் தப்பு.

தாளில் கணக்கு போட என்றால் எங்கள் முடிவு: ஒரு பக்கம் கேட்டால் விகிதம், இரண்டுக்கு மேல் அல்லது பரப்பு கேட்டால் காரணி, கோணம் கொடுத்திருந்தால் டேன்ஜென்ட்.

## வெளியே போய் மரத்தை அளக்கும்போது

செயல்திட்டமாக மரத்தின் உயரத்தை அளக்கச் சொன்னால் தேர்வு மாறிவிடுகிறது. தாளில் நீளங்கள் சரியாகக் கொடுக்கப்பட்டவை, இங்கே எல்லா நீளத்திலும் பிழை உண்டு.

நிழல். 1.5 மீட்டர் குச்சியின் நிழலையும் மரத்தின் நிழலையும் ஒப்பிடுவது. செலவில்லை. ஆனால் நேரம் முக்கியம். 1982 தொடக்கத்திலிருந்து நம் கடிகாரம் கிழக்கு 120 பாகைக்கு ஏற்ப ஓடுகிறது, சுங்கை சிப்புட் இருப்பதோ 101 பாகையில். அதனால் இங்கே உண்மையான நண்பகல் ஏறக்குறைய 1.15 மணி. பள்ளி விடும் அந்த நேரத்தில் நிழல் காலடியில் கிடக்கும், ஆண்டில் சில நாள் சூரியன் நேர் உச்சியிலேயே நிற்கும். காலை 10 மணியை ஒட்டி அளந்தால் நிழல் ஏறத்தாழ உயரத்தின் அளவுக்கு இருக்கும்.

இரண்டு நிழலையும் ஒரே நேரத்தில் குறிக்க வேண்டும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 45 பாகையில் இருக்கும்போது குச்சி நிழலை அளந்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மரத்துக்குப் போனால், 12 மீட்டர் மரம் கணக்கில் 11 மீட்டராகிவிடும். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் குரல் கொடுக்க இருவரும் ஒரே கணத்தில் கோடு கிழிக்க வேண்டும்.

செம்பனைக் காட்டுக்குள் இந்த வழி எடுபடாது. செம்பனை பொதுவாக 9 மீட்டர் இடைவெளியில் சமபக்க முக்கோணமாக நடப்படுகிறது. 12 மீட்டர் நிழல் விழ அங்கே இடமில்லை, அடுத்த மரத்தின்மேல் ஏறிவிடும். சாலையோர மரம் அல்லது பள்ளித் திடல் மரம்தான் ஏற்றது. நிழலின் நுனி ஓலையின் நுனி என்பதையும் கவனிக்க வேண்டும். குலை இருக்கும் உயரம் வேண்டுமென்றால் நிழல் வழி உதவாது.

கண்ணாடி. தரையில் கண்ணாடி வைத்து, மர உச்சி அதில் தெரியும்வரை பின்னால் போவது. கண் உயரம் 1.5 மீட்டர், கண்ணாடியிலிருந்து காலடி 1.2, மரம் 9.6 என்றால், உயரம் 1.5 × 9.6 ÷ 1.2 = 12 மீட்டர். வெயில் வேண்டாம். ஆனால் தரை சமமாக இருக்க வேண்டும். கண்ணாடி கொஞ்சம் சாய்ந்தாலும் விடை கெடும். கண்ணாடிக்குப் பதில் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மட்டம் தானாக அமையும்.

கோணமானியும் நூலும். கோணமானியின் நடுவில் நூல் கட்டி நட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, விளிம்பு வழியே உச்சியைப் பார்ப்பது. 12 மீட்டர் தூரத்தில் 41 பாகை என்றால் 10.43, அதோடு கண் உயரம் 1.5 சேர்த்து 11.93 மீட்டர். கோணத்தை 40 என்று படித்துவிட்டால் 11.57. கண் உயரத்தைக் கூட்ட மறப்பதுதான் பெரிய தவறு: ஒரேயடியாக ஒன்றரை மீட்டர் போய்விடும்.

| வழி | ஏற்ற இடம் | கைவிட வேண்டிய இடம் |
|---|---|---|
| நிழல் | திறந்த திடல், காலை வெயில், இரண்டு பேர் | நண்பகல், மேகமூட்டம், செம்பனைக் காடு |
| கண்ணாடி / தண்ணீர்த் தட்டு | சமதரை, தனியாக அளக்கும்போது | மேடுபள்ளம் |
| கோணமானி | குலை போன்ற குறிப்பிட்ட இடத்தின் உயரம் | மரத்தடிக்கு நேர்தூரம் அளக்க முடியாத இடம் |

## இரண்டும் சேரும்போது

மரத்தில் வெட்டுவதற்கு அரிவாள் கட்டிய கம்பு, பிடித்திருப்பவரின் கை உயரத்தோடு சேர்த்து 11.6 மீட்டர் வரை எட்டும் என்று கணக்கில் கொடுத்திருந்தால், கண்ணாடியில் கிடைத்த 12 மீட்டரை வைத்து உச்சிக்கு “எட்டாது” என்று எழுதிவிடலாமா? கண்ணாடிக்கும் காலுக்கும் நடுவே அளந்த 1.2 மீட்டரில் 5 செ.மீ. பிழை இருக்கலாம். அப்படியானால் அந்தத் தூரம் 1.15-க்கும் 1.25-க்கும் நடுவில். 1.5 × 9.6 = 14.4, ஆக உயரம் 14.4 ÷ அந்தத் தூரம்.

இங்கே எதிர்மறைக் குறியே இல்லாமல் அசமன்பாடு திரும்புகிறது. பெரிய தூரத்தால் வகுத்தால் சிறிய உயரம்:

14.4 ÷ 1.25 ≤ உயரம் ≤ 14.4 ÷ 1.15
11.52 ≤ உயரம் ≤ 12.52

வரிசையை மாற்றாமல் 12.52 ≤ உயரம் ≤ 11.52 என்று எழுதியிருந்தால், அப்படி ஓர் எண்ணே கிடையாது என்பதிலிருந்து தவறு பிடிபடும்.

11.6 இந்த இடைவெளிக்குள் விழுகிறது. எட்டும் என்றும் சொல்ல முடியாது, எட்டாது என்றும் சொல்ல முடியாது. இதற்கு நல்ல வழி சின்ன நீளத்தைப் பெரிதாக்குவது. கண்ணாடியை மரத்திலிருந்து 16 மீட்டரில் வைத்தால் காலடி 2 மீட்டருக்கு வரும். அதே 5 செ.மீ. பிழைக்கு இப்போது 24 ÷ 2.05 ≤ உயரம் ≤ 24 ÷ 1.95, அதாவது ஏறத்தாழ 11.71-க்கும் 12.31-க்கும் நடுவில். 11.6 இந்த இடைவெளிக்குக் கீழே போய்விட்டது. கம்பு எட்டாது என்று இப்போது எழுதலாம்.